ஒன்பதாம் பத்தியில் தொனிக்கிறது

என் அப்பாவுக்கு எழுதத் தெரியாது.

முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டேன். நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு இந்த மாதம் என் முறை என்று நீங்கள் எல்லோரும் பிடுங்கின பிடுங்கலுக்கு இதுதான் கிடைக்கும். போன மாதம் உங்களில் ஒருத்தி பதினோரு பக்கம் எழுதியிருந்தாள். பேரைச் சொல்லவில்லை, இதைப் படிக்கும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். காசி யாத்திரையில் ஆரம்பித்து, நாத்தனார் கல்யாணத்தில் புகுந்து, நார்த்தங்காய் ஊறுகாயில் முடித்திருந்தாள். இவள் என்னதான் சொல்ல வந்தாள் என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அறுபது வருஷமாக இந்த வியாதி. யார் எதை எழுதினாலும் அவர்கள் கட்சி என்ன என்று முதல் வரியில் தேடுவேன். அங்கே இல்லாவிட்டால் பற்றிக்கொண்டு வரும். வியாதியை எனக்கு ஒட்டவைத்தவள் ஒரு வங்காளத்து வாத்தியாரம்மா. அதை முற்றவிட்டவர் என் அப்பா.

கல்கத்தாவிலிருந்து தலைநகரத்தை மூட்டை கட்டி டில்லிக்குக் கொண்டுபோன வருஷம் அது. எனக்குப் பதினொரு வயது. பவானிப்பூரில் ஒரு சந்தில் கீழ்வீட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். மாடியில் வீட்டுக்காரர். அவர் மனைவியை நான் மாஷிமா என்று கூப்பிடுவேன், வங்காளியில் சித்தி என்று அர்த்தம். மழை பிடித்துக்கொண்டால் சந்துத் தண்ணீர் எங்கள் வாசல்படி இரண்டாவது கல்வரை வரும். மாடியில் இலிசு மீன் பொரிக்கிற வாசனை கீழே இறங்கும். அம்மா ஒரு துண்டு பெருங்காயத்தை எண்ணெயில் போட்டுப் பதில் சொல்லுவாள். இப்படியே இரண்டு வீட்டுக்கும் சிநேகம் முற்றிப்போயிற்று. மத்தியானமானால் அம்மாவும் மாஷிமாவும் மாடிப்படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள்.

அப்பா சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. வெறும் குமாஸ்தா இல்லை, துரைமார் கையெழுத்துப் போடுகிற கடிதங்களுக்கு முதல் நகல் தயாரிக்கிற குமாஸ்தா. அதற்கு ஒரு முறை உண்டு. முழுக் காகிதத்தை நீளவாட்டில் இரண்டாக மடிக்க வேண்டும். வலது பாதியில்தான் குமாஸ்தா எழுதலாம். இடது பாதி வெறுமையாய் இருக்கும், துரை திருத்துவதற்கு. அப்பாவிடம் காகிதம் மடிக்கிற எலும்புத் தகடு ஒன்று இருந்தது, மோர்க்கரண்டி நீளம், பழுத்த மஞ்சள் நிறம். அதை வைத்து அவர் ஒரு இழுப்பு இழுத்தால் மடிப்பு நூல் பிடித்த மாதிரி நிற்கும். அந்தத் தகடு எங்கே போயிற்றோ தெரியவில்லை. இன்றைக்கும் காகிதம் மடிக்கும்போது கை அதைத் தேடுகிறது.

ஆபீசில் மட்டும் இல்லை, வீட்டிலும் அவர் பாதிக் காகிதத்தில்தான் எழுதுவார். மளிகைச் சாமான் பட்டியலுக்குக்கூட இடது பாதியை விட்டுவைப்பார். அம்மா அதில் பூந்தோட்டம் மாதிரிக் கோலம் போட்டுப் பழகுவாள்.

அவர் எழுத்துக்குத் தமிழர்கள் மத்தியில் ஏகப் பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனு எழுதிக்கொள்ள நாலு பேராவது குடையோடு வந்து நிற்பார்கள். எழுதிக் கொடுப்பதை வாங்கிப் படித்துவிட்டு, "பிரமாதம் சார், எதிலேயும் மாட்டிக்காம எழுதியிருக்கேள்" என்று பூரித்துப் போவார்கள். மாட்டிக்கொள்ளாமல் எழுதுவதுதான் அவர் வித்தை. விளக்கெண்ணெயில் போட்ட வெண்டைக்காயை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள், அப்பாவின் வாக்கியம் அதுதான். "சொல்லிட்டா சொன்னவன் பொறுப்பு. சொல்லாம விட்டா படிச்சவன் பொறுப்பு" என்பார், பொடியை உறிஞ்சிக்கொண்டு.

என்னைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். அதை அப்பா தீர்மானம் பண்ணிப் போடவில்லை. அம்மா ஒருநாள் மாஷிமாவோடு போய்ச் சேர்த்துவிட்டு வந்து சொன்னாள். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கும்பகோணத்திலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் தமக்கை, மாதம் தவறாமல் கடிதம் போடுவாள்: பெண்ணுக்கு வயசாகிறது, இங்கே நல்ல வரன் இருக்கிறது. அம்மா ஒரே பிடியாய் நின்றாள். "கல்கத்தால இருக்கிற வரைக்கும் படிக்கட்டும். இங்கேர்ந்து கிளம்பற அன்னிக்குக் கல்யாணத்தைப் பத்திப் பேசிக்கலாம்" என்றாள். அதற்கும் அப்பா தலையை ஒரு மாதிரி ஆட்டினார். அது சம்மதமா மறுப்பா என்று அத்தைக்குத் தெரியாமல் போயிற்று. எனக்கு ஒன்று மட்டும் தெரியும். கல்கத்தா இருக்கிற வரை பள்ளிக்கூடம், கல்கத்தாவை விட்டுப் போனால் கல்யாணம்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவைத் திதிமணி என்று கூப்பிட வேண்டும். எங்கள் திதிமணி செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறவள். கம்பிக் கண்ணாடி, மோவாயில் ஒரு மரு. இங்கிலீஷ் வியாசம் அவள் பாடம். அந்த ஆடி மாசம் 'மழைக்காலம்' என்று தலைப்புக் கொடுத்தாள். நான் எழுதிக்கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன், அவர் இடது பாதியில் திருத்தினார், நான் பத்திரமாய்ப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். ஆரம்பம் இது: "மழைக்காலம் ஆண்டுதோறும் வருவது யாவரும் அறிந்ததே. இதனால் சில நன்மைகளும், சில நன்மை அல்லாதவைகளும் உண்டாகக்கூடும் என்று கருத இடமுண்டு."

திதிமணி அதை வகுப்பு முன்னால் உரக்கப் படித்தாள். படித்துவிட்டு என்னை நிற்கவைத்து, "தோமார் கொதாடா கீ?" என்றாள். உன் பேச்சு என்ன, நீ சொல்ல வந்தது என்ன என்று அர்த்தம். மழையில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு என்றேன்.

"இதற்கு யாராவது இல்லை என்று சொல்வார்களா?"

மாட்டார்கள் என்று பெருமையாய்ச் சொன்னேன். எதிலும் மாட்டிக்கொள்ளாத வீட்டுப் பெண்ணல்லவா நான்.

"அப்படியானால் நீ ஒன்றுமே சொல்லவில்லை. யாராவது ஒருவர் எழுந்து, அது எப்படி, நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று சண்டைக்கு வர வேண்டும். அந்த மாதிரி ஒரு வாக்கியம் முதலில் எழுது. அதற்குப் பிறகு எழுதுகிற ஒவ்வொரு வரியும் அந்த வாக்கியத்துக்கு வேலை செய்ய வேண்டும். வேலை செய்யாத வரிக்கு அங்கே சோறு கிடையாது. போ, திரும்ப எழுதிக்கொண்டு வா."

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். நாலு நாள் எனக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை. மழை நல்லது என்று எழுதினால், அதற்கென்ன, யார் இல்லை என்றார்கள்? மழை கெட்டது என்றால் பொய். ஐந்தாம் நாள் சந்துத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிசி மூட்டையைப் பலகைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். மாடியில் மாஷிமாவின் மருமகள் ஜன்னலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். நல்ல குரல். அம்மா அண்ணாந்து பார்த்து, "பாடுவே, பாடுவே, மாடியில இருக்கே" என்றாள். எனக்கு வாக்கியம் கிடைத்துவிட்டது.

"மழை மாடியில் இருப்பவர்களுக்குத்தான் அழகு, கீழ்வீட்டுக்காரர்களுக்கு அது வேலை."

அப்பாவிடம் காட்டினேன். அவர் முகம் மாறிப்போயிற்று. "மாடியில இருக்கிறவர் வீட்டுக்காரர்டி கொழந்தே. யாராவது அவர்கிட்டச் சொன்னா?" என்று அந்த வரியை அடித்துவிட்டு, இடது பாதியில், "மழையின் அழகு பார்ப்பவரின் நிலைமையைப் பொறுத்ததாக இருக்கலாம்" என்று எழுதினார். அந்த 'இருக்கலாம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, பதினொரு வயசுக்கு அது ரொம்ப ஜாஸ்தி. காகிதத்தைக் கிழித்துவிட்டேன். நல்ல காகிதத்தைக் கிழித்ததற்காக அம்மாவிடம் ஒரு அறை வாங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் சுற்றறிக்கை வந்தது. ஆபீஸ் டில்லிக்குப் போகிறது. போகிறவர்கள் போகலாம். தக்க காரணம் இருக்கிறவர்கள் மனுக் கொடுத்தால் கல்கத்தாவிலேயே வேறு ஆபீசில் இடம் பார்ப்பார்கள். அப்பா அதைச் சாப்பிடும்போது, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், யாருக்கோ வந்த சேதி மாதிரிச் சொன்னார்.

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "நாம இங்கேயேதானே இருக்கப்போறோம்?"

"பார்க்கணும்."

"என்ன பார்க்கணும்? ஊருக்கெல்லாம் மனு எழுதறேள். நமக்குன்னு ஒண்ணு எழுதுங்கோளேன். இவ படிப்பு இருக்கு, அதைச் சொல்லுங்கோ."

"எழுதறேன். யோசிச்சு எழுதணும்" என்றார். யோசித்தார், யோசித்தார், பத்து நாள் யோசித்தார். அம்மா தினமும் கேட்பாள். அவர் தினமும் பொடி டப்பியைத் தட்டுவார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்பா எழுதும் லட்சணம் எனக்குத் தெரியாதா? அவர் எழுதுகிற மனுவைப் படித்தால், இவருக்குக் கல்கத்தா வேண்டுமா வேண்டாமா என்று துரைக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வந்து, நனைந்த கோட்டைக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மழையில் காகிதம் நமுத்துப்போய் மசி ஊறும் என்பதால் அம்மா காகிதக் கட்டை அடுப்பு மேல் மாடத்தில் வைத்திருப்பாள். அதிலிருந்து வெதுவெதுப்பாய் ஒரு தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்பா, திதிமணி சொன்னதைச் சொல்லட்டுமா?"

"சொல்லேன்."

தாளை மடித்தேன். வலது பாதியில் என் மழை வாக்கியத்தை எழுதிக் காட்டினேன். "முதல்லயே இதைச் சொல்லிடணும்பா. ஒரே மூச்சில சொல்லணும். யாராவது இல்லைன்னு சொல்றதுக்கு இதிலே இடம் இருக்கணும். இல்லைன்னு சொல்லிடுவாளோன்னு பயந்துண்டு பூசி மெழுகினா அது வாக்கியமே இல்லையாம். அப்புறம், எழுதி முடிச்சப்பறம் திரும்பிப் பார்க்கணுமாம். முதல் வரி பொய்யாப் போயிருந்தா, மத்ததை வளைக்கக் கூடாதாம். முதல் வரியை அடிச்சுட்டு நிஜத்தை எழுதணுமாம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என் வாக்கியத்தை வெகுநேரம் பார்த்தார். இந்தத் தடவை அதை அடிக்கவில்லை. "இல்லைன்னு சொல்ல இடம் இருக்கணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒரே மூச்சிலயா?" ஆமாம். "ஓகோ" என்றார். தாளைக் கொடு என்று வாங்கி, மடிப்போடு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என் எழுத்தை ஆபீசில் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அன்றைக்கு ராச்சாப்பாடு இரண்டு பிடி கூடவே சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மனு தயாராகிவிட்டது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் ஒவ்வொரு பத்தியாய்ப் படித்துத் தமிழில் சொன்னார். பதினாலு பத்தி. முதல் பத்தியில் சுற்றறிக்கையின் நம்பர். இரண்டாவதில் தாம் ஆபீசில் சேர்ந்த விவரம். அப்புறம் டில்லியின் சீதோஷ்ணம், கல்கத்தாவின் சீதோஷ்ணம், இரண்டிலும் உள்ள சாதக பாதகங்கள். ஆறாம் பத்தியில் துரைமாரின் கருணை. ஏழாம் பத்தியில் நான் வந்தேன்: "அற்பமென்று கருதத்தக்கதாயினும், அடியேனின் புத்திரி ஒருத்தி இவ்வூரில் ஓரளவு எழுத்துப் பயின்று வருவதும் இங்கே குறிப்பிடப்படலாம்." பதினாலாம் பத்தியில், எந்த உத்தரவு வந்தாலும் தலைமேல் தாங்கிக்கொள்கிறேன் என்று முடித்திருந்தார்.

அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ வரப்போகிறது என்று.

"அவ்வளவுதானா? இங்கேயே இருக்கணும்னு எங்கே இருக்கு?"

"ஒன்பதாம் பத்தியிலே தொனிக்கிறது."

"தொனிக்கிறதா?" என்றாள் அம்மா. "கூடைக்காரிகிட்டப் பரங்கிக்காய் வேணும்னு தொனிக்கவிட்டா அவ குடுப்பளா? வேணும்னா வேணும்னு எழுதுங்கோளேன்னா."

"உனக்கு ஆபீஸ் பாஷை தெரியாது."

"எனக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியுமே. சொல்லுடி, உங்க திதிமணி என்ன சொல்லுவா?"

முதல் வரியிலே சொல்லணும் என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு கால்புள்ளியைக் குறை சொன்னால்கூட ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுஷர் அவர். அன்றைக்குக் கோபப்படவில்லை. எலும்புத் தகட்டால் மனுவை இரண்டாய், நாலாய் மடித்து, மெழுகுத் துணியில் சுற்றி, மறுநாள் குடைக்குள் பத்திரமாய் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அம்மா வாசலில் நின்று அவர் டிராம் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே என் வியாசத்துக்கு முதல் இடம் கிடைத்தது. அப்பாவின் இடது பாதியைச் சேர்க்காமல், என் வாக்கியத்தை வைத்து நானே எழுதினது. பரிசு, செவ்வரக்கு நிறத்தில் ஒரு பேனாக் கட்டை. சனிக்கிழமை சாயங்காலம் முழங்கால் தண்ணீரில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, திதிமணி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாஷிமாவிடமிருந்து டில்லி விஷயம் அவள் காதுக்குப் போயிருந்தது.

பலகையில் உட்காரவில்லை. நின்றபடியே அப்பாவிடம் இங்கிலீஷில் கேட்டாள். "நீங்கள் டில்லிக்குப் போவதானால் இவளை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் நான் குடியிருக்கிறேன். இரண்டு பெண்கள் என்னோடு தங்கிப் படிக்கிறார்கள், இவள் மூன்றாவது. விடுவீர்களா, மாட்டீர்களா?"

அவள் என்ன கேட்கிறாள் என்று அம்மா சமையலறை வாசலிலிருந்து என்னிடம் விசாரித்தாள். சொன்னேன். உடனே, "மீன் வாசனைதானே, எனக்குப் பழகலையா, இவளுக்கும் பழகும். சரின்னு சொல்லச் சொல்லு" என்றாள்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "தங்கள் அன்புக்கு மிகவும் கடமைப்பட்டவன். இது பல கோணத்திலிருந்தும் ஆலோசிக்க வேண்டிய விஷயம். உரிய காலத்தில் ஒரு முடிவுக்கு வர இயலலாம்."

திதிமணி ஈரப் புடவையோடு அவரையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். வகுப்பில் கேட்கிற அதே குரலில், "தோமார் கொதாடா கீ?" என்றாள்.

இங்கேதான் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. கேள்வி எனக்குத் தெரியும். பதிலும் தெரியும். நான் இங்கேயே இருக்கிறேன், படிக்கிறேன். ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வரி. இல்லை என்று சொல்ல அதில் அப்பாவுக்கு இடமும் இருந்தது. நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்து, "அப்பா எப்படிச் சொல்றாரோ அப்படி" என்றேன். பரிசு வாங்கின பெண் பேசுகிற பேச்சு அது. திதிமணி செருப்பை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய்விட்டாள். என்னை அவள் திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் அப்பா சீக்கிரமே வீடு திரும்பினார். "துரையைப் பார்த்தேன். பட்டியல் ஏற்கெனவே போயிடுத்தாம். ஒண்ணும் பண்றதுக்கில்லேன்னுட்டார்" என்றார்.

அம்மா அழவில்லை. "ஒன்பதாம் பத்தியிலே தொனிக்கிறதுன்னேளே, துரைக்குக் காது கேட்கலை போலிருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். பூஜா விடுமுறைக்கு மேளம் கொட்டுகிற சமயத்தில் ஹௌராவில் ரயில் ஏறினோம். மாஷிமா ஸ்டேஷன் வரை வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பேனாக் கட்டை அந்த ரயிலிலேயே எங்கேயோ விழுந்து தொலைந்தது. அடுத்த தை மாசம் கும்பகோணத்தில் எனக்குக் கல்யாணம். அவர் நல்ல மனுஷர், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிற்பாடு அவருக்குக் கல்கத்தாவிலேயே பாங்கில் உத்தியோகம் கிடைத்து, பாலிகஞ்சில் உங்கள் மத்தியில் வந்து விழுந்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். திதிமணி இல்லை. எங்கே போனாள் என்று சொல்லவும் ஆள் இல்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு அது ஒரு பல்லவி ஆகிவிட்டது. டில்லியில் குளிரில் விரல் வெடித்தால், பக்கத்து வீட்டுக்காரி முகம் கொடுத்துப் பேசாவிட்டால், என்னைப் பற்றி நினைப்பு வந்தால், "இவருக்கு எழுதத் தெரியலை. எழுதத் தெரிஞ்சிருந்தா நாம கல்கத்தால இருந்திருப்போம், எம் பொண்ணு படிச்சிருப்பா" என்பாள். வந்தவர் போனவர் முன்னாலும் சொல்வாள். அப்பா சிரித்துக்கொண்டே, "ஆமாம், எனக்கு எழுதத் தெரியலை" என்று ஒப்புக்கொள்வார். கால்புள்ளிக்குக் கோபித்துக்கொள்கிறவர் இதற்கு மட்டும் ஏன் சிரிக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மண்டு. ஒரு தடவை நான் டில்லிக்குப் போயிருந்தபோது, "இங்கே எனக்குக் கைவெச்ச நாற்காலி போட்டுட்டா, தெரியுமோ" என்று குழந்தை மாதிரிச் சொன்னார். கல்கத்தா ஆபீசில் குமாஸ்தாக்களுக்குக் கை இல்லாத நாற்காலிதான். கைவைத்த நாற்காலி மேல் ஸ்தானத்தில் இருப்பவர்களுக்கு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அப்பா காலமான வருஷம் எனக்கு வயது முப்பத்துமூன்று. காரியங்கள் ஆன பிறகு அவருடைய தகரப் பெட்டியை ஒழிக்கச் சொல்லி அம்மா என்னிடம் கொடுத்தாள். அடியில் ஒரு கட்டு. பிரித்தேன். முதலில் இருந்தது அந்த மனு. நகல் இல்லை, துரைக்கென்று நல்ல காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டதே. நாலாய் மடித்த மடிப்புக் கலையவில்லை. அது அவர் மேஜையைத் தாண்டிப் போகவே இல்லை.

அதன் கீழே என் தாள். மாடத்திலிருந்து வெதுவெதுப்பாய் எடுத்துக்கொண்டு வந்த அதே தாள். வலது பாதியில் பதினொரு வயசுக் கையெழுத்தில் மாடிக்காரர் மழை. இடது பாதியில் பென்சிலில் அப்பா எழுதி எழுதி அடித்திருந்தார். "டில்லி செல்வதில் அடியேனுக்கு ஆட்சேபம் இருக்கக்கூடும் என்று கருத இடமில்லை." அடித்திருந்தது. "டில்லி செல்லும் வாய்ப்புப் பரிசீலிக்கப்பட்டால் அது கருணையாகும்." அதையும் அடித்திருந்தது. மூன்றாவது முயற்சி அடிபடவில்லை.

"டில்லிக்குப் போக விரும்புகிறேன்."

தாளோடு ஒரு துண்டுச் சீட்டு, குண்டூசி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கள் எழுத்து மூலமான விருப்பத்தின்படி பட்டியலில் பேர் சேர்க்கப்பட்டது என்று ஆபீஸ் கொடுத்த பதில். தேதியைப் பார்த்தேன். அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு பதினாலு பத்தியையும் கேட்டாளே, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு.

அப்போதுதான் அந்தக் கைவைத்த நாற்காலி எனக்கு உறைத்தது. நாற்காலி வேண்டும் என்றால் வேண்டும் என்று அம்மாவிடமே சொல்லியிருக்கலாம். அவள் கத்தியிருப்பாள், இல்லை என்று சொல்லியிருப்பாள். அந்த இல்லைக்குத்தான் பயம். துரையிடம் ஒரு வரி, பெண்டாட்டியிடம் பதினாலு பத்தி. என்ன கமுக்கம், என்ன கமுக்கம். முப்பத்தெட்டு வருஷம் கழித்தும் எனக்கு ஆறவில்லை. அம்மா உள்ளேயிருந்து, "என்னடி இருக்கு அதிலே?" என்று கேட்டாள். "பழைய ஆபீஸ் காகிதம்மா, ஒண்ணும் இல்லை" என்றேன். பாருங்கள், நானும் சொல்லவில்லை. அம்மா தன் கடைசி நாள்வரை அவருக்கு எழுதத் தெரியவில்லை என்றே சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

எழுதி முடித்ததும் திரும்பிப் பார்க்கச் சொன்னாள் திதிமணி. பார்த்துவிட்டேன். மற்றதை வளைக்கப்போவதில்லை. நம் பத்திரிகையைப் பிரதி எடுக்கிறவள் யாரோ, அவள் தயவுபண்ணி முதல் வரியை அடித்துவிட்டு அந்த இடத்தில் இதை எழுத வேண்டியது:

என் அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு வரி ஒழுங்காக எழுதினார். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.